எங்க செடி

ஏப்ரல் 6, ஞாயிறு

ராயக்கோட்டையிலிருந்து வீடு திரும்ப மதியம் மூன்றாகிவிட்டது. இவருடைய சித்தப்பா வீட்டில் காதுகுத்து. சாப்பாடு முடிந்து மலையடிவாரம் வரை நடந்தபோது பாறை இடுக்கில் ரணகள்ளி கும்பலாக நின்றது. சுற்றிலும் புல்கூடக் கருகிக் கிடக்க, இது மட்டும் தடித்த இலையோடு பச்சைப்பசேலென்று. ஆறு தண்டு ஒடித்துக்கொண்டேன். எங்கள் லே-அவுட்டுக்குத் தண்ணீர் லாரி நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. ஆசையாக வைத்த மல்லிகை போன மாதமே செத்துவிட்டது. இதற்குத் தண்ணீரே வேண்டாமாம்.

"மறந்துட்டாலே வளரும் இது. உன்னாலதான் எதையும் மறக்க முடியாதே" என்றார் இவர். கிண்டலாம்.

கேட்டைத் திறக்கும்போதே ஜெயப்ரியா வந்து நின்றாள். கொழுந்தன் நவீன்குமாரின் மனைவி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு. மாடியில் நாங்கள், கீழே அவர்கள். "எனக்கில்லையாக்கா?" என்று கையை நீட்டினாள். மூன்று தண்டு கொடுத்தேன். நல்லதாக மூன்றை எனக்கு வைத்துக்கொண்டு, வளைந்து கிடந்த மூன்றை அவளுக்கு.

இதை இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது.

ஏப்ரல் 7, திங்கள்

செம்மண், மணல், கொஞ்சம் செங்கல் தூள். மூன்று தொட்டி, வராந்தா கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக. நேர் கீழே அவள் தையல் மெஷின் போட்டிருக்கும் ஜன்னல். அந்த ஜன்னலடியில் அவள் பழைய பெயின்ட் டப்பாவில் தெருமண்ணை அள்ளிப்போட்டுக் குத்திவைத்திருக்கிறாள். டப்பாவில் ஓட்டைகூடப் போடவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

மூன்றும் வேர் பிடித்துவிட்டன. மெல்ல இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இலை ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன். பழக்கதோஷம். பதினைந்து வருஷமாகக் கம்பெனியில் அதுதானே வேலை. வண்டிக்குப் போகும் ரப்பர் வளையத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி இருந்தாலும் கழித்துச் சிவப்புத் தட்டில் போட வேண்டும். யோசிக்கக்கூடாது. யோசித்தால் லைன் நின்றுவிடும்.

என் செடியில் ஒரு புள்ளி இல்லை.

அவளுடைய மூன்றும்கூடப் பிடித்துவிட்டன. எப்படி என்று அந்த மாரியம்மனுக்குத்தான் தெரியும்.

மே 6, செவ்வாய்

பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து மகள் யுவஸ்ரீ கீழேதான் கிடக்கிறாள். நான் காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மூன்றரைக்குத்தான் திரும்புவேன். பதினொரு வயதுப் பெண்ணைத் தனியாக மாடியில் பூட்டிவைக்க முடியுமா? கீழே சித்தி இருக்கிறாள், நல்லதுதான். நல்லதுதான் என்று நூறு முறை சொல்லிக்கொள்கிறேன்.

மே 8, வியாழன்

நான் எடுத்துவைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது. கீழே ராகிக் களி சாப்பிட்டாளாம். நான் செய்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள்.

மே 20, செவ்வாய்

இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில். ஷிஃப்ட் முடிந்து படியில் கால் வைத்தேன். யுவா கீழ் வீட்டு வாசலிலிருந்தே கத்தினாள்.

"அம்மா, எங்க செடிக்குப் பட்டாம்பூச்சி வந்துருக்குது!"

எங்க செடி. 'நம்ம செடி' என்று அவள் வாயில் வரவில்லை. 'நம்ம' என்றால் அதில் நானும் இருப்பேன். 'எங்க' என்றால் அவளும் சித்தியும் உள்ளே, நான் வாசலுக்கு வெளியே, தோளில் சாப்பாட்டுப் பையோடு.

போய்ப் பார்த்தேன். சின்னதுதான். வெள்ளையில் கறுப்புப் பொட்டு வைத்து, கீழ் இறக்கையில் குங்குமத்தைத் தேய்த்ததுபோல ஒரு திட்டு. ரொம்ப உயரமும் பறக்கவில்லை, செடியைச் சுற்றித் தத்தித் தத்தி. அழகு. அழகாக இருந்ததுதான் எனக்கு ஆகவில்லை.

"உங்களுதுல வரலியாக்கா?" என்றாள் ஜெயப்ரியா. அப்பாவி மாதிரி.

"எனக்கு எங்க அதெல்லாம் பாக்க நேரம்" என்று மேலே வந்துவிட்டேன்.

மே 25, ஞாயிறு

நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று வந்தது. என் செடி இலைக்கு அடியில் ஒரு நிமிஷம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு நேராகக் கீழே போய்விட்டது. அதற்கும் கீழ்வீடுதான் பிடிக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

என் செடியில் புள்ளி!

இலைக்குள்ளே மிளகுத்தூள் சிதறியதுபோலக் கறுப்பு. இரண்டு இலை உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறும் தோலாக, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. அழுகல் நோய் போல. கத்தரிக்கோலை எடுத்தேன். பதினொரு இலை. வெட்டிக் கவரில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து மூன்று தொட்டிக்கும் அடித்தேன். இப்போது சுத்தமாக இருக்கின்றன.

கீழே எட்டிப் பார்த்தேன். அவள் செடியிலும் அதே புள்ளி, இன்னும் அதிகமாகவே. ஓட்டை விழுந்த இலை, தொங்குகிற இலை, எதையும் அவள் எடுப்பதில்லை. அந்தக் கோலத்தில் நிற்கிற செடியைச் சுற்றி நான்கு பட்டாம்பூச்சி. இது என்ன நியாயம்?

ஜூன் 15, ஞாயிறு

கீழே ஐந்து. மேலே ஒன்றுமில்லை.

யுவா இப்போது பட்டாம்பூச்சி என்று சொல்வதில்லை. 'சிட்டே' என்கிறாள். ஜெயப்ரியா ஆனேக்கல் பக்கத்துப் பெண், கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். "சித்தி, இன்னொரு சிட்டே!" நான் பெற்ற பெண், நான் பேச்சு சொல்லிக்கொடுத்த பெண். எல்லையோரத்து இந்த ஊரில் எல்லோர் வீட்டிலும் மூன்று பாஷை ஓடுகிறது, எனக்குத் தெரியாதா? கம்பெனியில் நானே நாள் முழுக்கக் கன்னடம் பேசுகிறேன். ஆனால் இது வேறு. இது அவள் வீட்டு வார்த்தை.

இவரிடம் சொன்னேன். "ஒரு பூச்சிக்காடி இந்தப் பாடு?" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஜூன் 18, புதன்

சூபர்வைசர் குருமூர்த்தி சார் கூப்பிட்டார். என் டேபிளில் மட்டும் ரிஜெக்ட் இரண்டு மடங்காம். "கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்றார். கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது சார். தெரியக்கூடாததெல்லாம் தெரிகிறது.

ஜூன் 21, சனி

யுவாவின் யூனிஃபார்மை அவள்தான் தைத்தாள். தோளில் தையல் ஒரு நூல் கோணல். சொன்னேன். சொன்னது அவ்வளவுதான். யுவா அழுதேவிட்டாள்.

"நீ எதப் பாத்தாலும் கொறதான் சொல்ற. என் கையெழுத்து, என் சட, சித்தி தெச்ச துணி, எல்லாம். சித்தி ஒரு நாளும் என்னக் கொற சொன்னதில்ல."

அறைந்துவிட்டேன். கன்னத்தில் இல்லை, முதுகில்தான். அடித்த பிறகு எங்கே என்று என்ன கணக்கு.

அவள் செருப்புகூடப் போடாமல் கீழே போய்விட்டாள். ராத்திரி அங்கேயே தூங்குகிறாள் என்று ஜெயப்ரியாவே வந்து சொன்னாள். "சின்னப் பொண்ணுதானக்கா, காத்தால செரியாயிடும்." எனக்குச் சமாதானம் சொல்கிறாள், என் பெண்ணைப் பற்றி. என்னிடம்.

குறை பார்க்கிறேன்தான். குறை பார்த்துத்தானே இந்த வீட்டு லோன் கட்டுப்படுகிறது. ஒரு புள்ளியை விட்டால் எங்கோ ஒரு வண்டியில் பிரேக் பிடிக்காமல் போகும் என்று சொல்லித்தானே வேலை கற்றுக்கொடுத்தார்கள். அதையே வீட்டிலும் செய்தால் தப்பா? தப்புதான் போல. தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

எழுதவே கை கூசுகிறது. எழுதித்தான் ஆகவேண்டும்.

நேற்று சாயங்காலம் பார்த்தால் வேப்பெண்ணெயையும் மீறி என் செடியில் மறுபடி புள்ளி. இந்த முறை இருபது இலையில். எல்லாவற்றையும் வெட்டிக் கவரில் போட்டேன். வழக்கம்போல் குப்பை வண்டிக்கு என்றுதான் கட்டிவைத்தேன். விடிகாலை ஐந்து மணிக்கு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கவர் கையில் இருந்தது. கைப்பிடிச் சுவர் பக்கத்தில் இருந்தது. கீழே அவள் செடி, அத்தனை ஓட்டையோடும் தளதளவென்று.

கவரை அவிழ்த்து அப்படியே அதன் மேல் கொட்டினேன். அழுகல் அவளுக்கும் முழுசாகப் பரவட்டும் என்றுதான். வேறு எந்த நினைப்பும் இல்லை. கடைசி இலை வரைக்கும் விழட்டும் என்று கவரை உதறினேன்.

பஸ் ஏறினேன். சிப்காட் வளைவு வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26, வியாழன்

கீழே எட்டிப் பார்த்தேன். இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 30, திங்கள்

இலை நிறையச் சுருங்கியிருக்கிறது. சந்தோஷப்பட்டேன். ஆமாம், பட்டேன்.

யுவா என்னோடு பேசுகிறாள். தேவைக்கு மட்டும். "ஃபீஸ் கட்டணும்." "தண்ணி லாரி வந்துருச்சு." அவ்வளவுதான்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் கீழே ஒரே சத்தம். தெருப் பிள்ளைகள், எதிர்வீட்டு சுவேதா போனைத் தூக்கிக்கொண்டு, பால்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டு. எட்டிப் பார்த்தேன்.

எண்ணினேன். பதினேழு.

செடி மேல், சுவர் மேல், துணிக்கொடி மேல், ஜெயப்ரியாவின் தோளில் ஒன்று. அவள் அசையாமல் நின்று யுவாவைக் கண்ணால் கூப்பிட்டுக் காட்டினாள். யுவா முகத்தில் இருந்த சிரிப்பை நான் கடைசியாக எப்போது பார்த்தேன்? அவளுடைய எட்டாவது பிறந்தநாளா?

நான் கொட்டியது விஷம் என்றால் இது என்ன? அந்தச் செடி சாகவில்லை, பாதி இலை இல்லாமல் மொட்டையாக நிற்கிறது, அதற்குத்தான் இத்தனை கூட்டம். எனக்கு எரிகிறது. வயிறு நிஜமாகவே எரிகிறது, மோர் குடித்தும் அடங்கவில்லை.

ஜூலை 9, புதன்

இன்று யுவா பள்ளிக்கூடத்து சூழல் மன்ற நோட்டை மேஜையில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். பிரித்தேன். பக்கம் பக்கமாக ரணகள்ளி இலை. கலர் பென்சிலில் வரைந்திருக்கிறாள், புள்ளி உட்பட. என் கண்ணுக்குத் தெரிந்த அதே புள்ளி, ஒன்றுகூட விடாமல்.

கீழே எழுதியிருந்தது: "புழு இலைக்குள்ளேயே இருக்கும். உள்ளேயே தின்று வளரும். கருப்புப் புள்ளி அதன் எச்சம். இலை வெறும் தோல் ஆனால் பயப்படக் கூடாது. பறிக்கக் கூடாது."

மூன்று முறை படித்தேன்.

அப்படியானால் ஜூன் மாதம் குப்பை வண்டியில் போட்ட பதினொரு இலை? வேப்பெண்ணெய்? என் செடிக்கும் வந்திருக்கிறது. அன்று இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது முட்டை வைக்கத்தான் வந்திருக்கிறது. நான்தான் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி... சிவப்புத் தட்டு... எதையுமே யோசிக்காமல்.

கீழே பறக்கிற பதினேழில் எத்தனை என்னுடையது?

ஜூலை 10, வியாழன்

டேபிளில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனாம். லைன் நின்றுவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

சமையல் செய்துகொண்டிருந்தேன். யுவா பின்னால் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எத்தனை நாளைக்கப்புறம்! கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"நீதான் அனுப்புனியாமே? சித்தி சொல்லுச்சு. புழு இருக்கற எலையா பாத்துப் பாத்து கீழ போட்டியாமே. மேல வெயில் ஜாஸ்தி, செத்துடும்னு. ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அவள் முதுகில், அன்று அடித்த இடத்தில், கையை வைத்துக்கொண்டேன்.

"மிஸ்கிட்ட சொன்னன். எங்கம்மா கம்பெனியில இன்ஸ்பெக்சன், கண்ணு அவ்ளோ ஷார்ப்புன்னு. நோட்டுலயும் எழுதிட்டன்."

எழுதியிருக்கிறாள். "முட்டை வைத்த இடம்: மாடி, அம்மா செடி. வளர்ந்த இடம்: கீழ் வீடு, சித்தி செடி."

ஜெயப்ரியா ஏன் அப்படிச் சொன்னாள்? நிஜமாகவே அப்படி நினைத்துக்கொண்டாளா? அவ்வளவு வெள்ளந்தியா அவள்? இல்லை என்னைக் குத்துகிறாளா? என் பெண் என்னைக் கட்டிக்கொண்டது ஒரு பொய்யின் மேல். அந்தப் பொய்யும் அவள் போட்ட பிச்சை.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. யுவா குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

ஜூலை 19, சனி

தாங்க முடியவில்லை. யுவா டியூஷன் போன நேரம் பார்த்துக் கீழே போனேன். ஜெயப்ரியா யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"ப்ரியா, அந்த எலைங்கள நான் நல்லதுக்குப் போடல."

மெஷின் நிற்கவில்லை. "தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு வாசல் தெளிக்க வந்தன். தலையில பொத்துன்னு ஒண்ணு விழுந்துது. மேல பாத்தா நீங்க, கவர ஒதறிக்கிட்டு நிக்கிறீங்க. நல்லதுக்குப் போடறவங்க அப்பிடியா ஒதறுவாங்க?"

"அப்பறம் ஏன் யுவாகிட்ட அப்பிடிச் சொன்ன?"

"பின்ன, உங்கம்மா என் செடி சாவட்டும்னு போட்டாங்கன்னு சொல்லட்டுமா?" நூலைப் பல்லால் கடித்தாள். "நானும் மொதல்ல அழுகல்னுதான் நெனச்சன். எடுத்துப் போட சோம்பேறித்தனம், வுட்டுட்டன். அப்பறம் பாத்தா எலைலருந்து புழுவா வெளிய வருது. சிரிச்சுட்டன். யூனிஃபார்ம் சண்டையன்னிக்குப் புள்ள அம்மா அடிச்சிருச்சுன்னு அழுதுட்டே படுத்துது. அதுக்கு உங்களப் பத்தி நல்லதா எதனா சொல்லணும்ல. கையில இதுதான் இருந்துது."

சோம்பேறித்தனமாம். என் பதினைந்து வருஷ அனுபவம் கொன்றதை அவள் சோம்பேறித்தனம் காப்பாற்றியிருக்கிறது.

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"எனக்கும்தான் வயித்தெரிச்சல் இருக்குது. என்னக் கம்பெனில வேலைய வுட்டு நிறுத்தி மூணு வருசமாச்சு. தெனம் காத்தால கார்டு மாட்டிக்கிட்டு நீங்க பஸ் ஏறறத நான் கோலம் போட்டுக்கிட்டே பாக்கறன். எனக்கு மட்டும் ஒண்ணும் தோணாதா?"

"நீ எதையும் என் மேல வீசலயே."

"மேல வீசுனா எட்டாதுக்கா" என்று மறுபடி மெஷினை மிதித்தாள்.

சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். படியேறி வரும்போதே மறுபடி சுருக்கென்றது. பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொண்டாளே! அடங்கவே அடங்காதா இந்த மனசு?

ஜூலை 20, ஞாயிறு

வேப்பெண்ணெய் டப்பாவைப் பரணில் போட்டேன்.

யுவாவிடம் சொல்லவேண்டும். சொன்னால் அந்தக் கை என் இடுப்பிலிருந்து எடுபட்டுவிடுமோ என்று இருக்கிறது. இன்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சொல்லிவிட்டேன். சாயங்காலம் டியூஷனுக்குச் சடை பின்னிக்கொண்டே, அவள் முகம் எனக்குத் தெரியாமல் இருக்கும்போது. "அந்த எலைய நான் கெட்ட எண்ணத்துலதான் போட்டன். புழு இருக்கறதே எனக்குத் தெரியாது. சித்தி மேல பொறாம."

"எதுக்குப் பொறாம?"

"நீ அங்கயே இருக்கற இல்ல. அதுக்கு."

ரிப்பனைக் கட்டி முடித்தேன். புத்தகப் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். சடை கோணலாக இருந்தது. கூப்பிட்டுச் சரிசெய்யவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வரியை ரப்பர் வைத்து அழித்திருக்கிறாள். அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என் செடியில், நடுத்தொட்டியில், நான்காவது இலையில் புள்ளி. கை தானாகக் கத்தரிக்கோலுக்குப் போனது. பின்னால் யுவா நின்றிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தரிக்கோலை அவளிடமே கொடுத்துவிட்டேன். கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

இலை பாதி வெறும் தோல். பார்க்கச் சகிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூன்றரைக்கு வந்தால் யுவா வராந்தாவில் இருக்கிறாள்.

ஆகஸ்ட் 16, சனி

புழு வெளியே வந்து தொட்டி விளிம்பில் கூடாக ஒட்டிக்கொண்டது. யுவா அளவெடுத்தாள். என்னிடம் எண்ணிக்கை கேட்டு, நோட்டில் அழித்த இடத்தில் புதிதாக எழுதினாள்: "அம்மா தெரியாமல் வெட்டியது: 31 இலை. தெரிந்தே வெட்டாமல் விட்டது: 1." ஈவிரக்கமில்லாத கணக்கு. என் பெண்தான், சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கூடு உடைந்தது. ஈரமாக, கசங்கிய துணிபோல வந்து விளிம்பில் தொங்கியது. இரண்டு மணி நேரம். காபி ஆறிப்போனது. இவர்கூட டிவியை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

இறக்கை காய்ந்ததும் ஒருமுறை விரித்தது. ஒரு புள்ளி பாக்கியில்லாமல் எல்லாப் புள்ளியும் இருந்தன. பிறகு கைப்பிடிச் சுவரைத் தாண்டி, எதிர்பார்த்தபடியே, நேராகக் கீழே இறங்கியது.

யுவா சுவர் மேல் எக்கி, தெருவே கேட்கக் கத்தினாள்.

"சித்தி! எங்க செடி சிட்டே கீழ வருது, பாத்துக்க!"

எங்க செடி.

கீழே ஜெயப்ரியா தலையைத் தூக்கினாள். அந்த வார்த்தை அவளுக்கும் கேட்டது. சிரித்தாள், ஆனால் ஒரு நொடி தாமதமாக. அந்த ஒரு நொடி என்னவென்று இந்த வீட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

"நம்ம செடின்னு சொல்லுடி" என்று அங்கேயே திருத்தியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

நாளைக்குத் திருத்துகிறேன். இன்று ஒரு நாள் இருக்கட்டும்.